டயர் ரூம் மேடம்

விரலில் ரத்தம் சொட்டச் சொட்ட டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் நின்றுகொண்டிருந்தாரே, அன்றைக்குத்தான் அந்த மேடத்தை எனக்குப் பிடித்துப் போனது. பிடித்துப் போனது என்பதைவிடப் பயம் வந்தது என்று சொல்லலாம். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அப்போது நான் திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் மாமல்லபுரத்தில் எடுப்பேன். மேடம் திருக்கழுக்குன்றத்தில் சங்குதீர்த்தக் குளத்து ஸ்டாப்பில் ஏறி, என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கணக்கு நடத்துகிறவர். பஸ் ஓடும்போதே மடியில் அட்டையை வைத்துப் பேப்பர் திருத்துவார். நான் சடாரென்று பிரேக் போட்டால் பின்னாலிருந்து குரல் வரும்.

"டிரைவர், பாஸ் மார்க் போட வந்தேன். உன் பிரேக்குல கோடு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இந்தப் பையனுக்கு நீதான் பதில் சொல்லணும்."

பகடிதான். ஆனாலும் அந்தப் பையன் யாரோ, வீட்டில் என்ன கஷ்டமோ என்று எனக்கு மத்தியானம் சோறு இறங்காது.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காலேஜ் விளம்பரப் புத்தகத்தில், எல்லா பஸ்ஸிலும் முதலுதவிப் பெட்டி உண்டு என்று படத்தோடு போட்டிருந்தார்கள். பெட்டி இருந்தது. ஒரு நாள் மேடம் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே கண்ணாடி துடைக்கிற துணியும் பழைய ஃபேன் பெல்ட் ஒன்றும் கிடந்தன.

"இது எந்த வியாதிக்குப்பா?" என்றார்.

மறுநாள் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு, கட்டுகூடப் போடாமல் வந்து ஏறினார். புடவைத் தலைப்பெல்லாம் ரத்தம்.

"இன்னா மேடம் இது? வூட்டுலயே ஒரு துணி சுத்திகினு வர்லாம் இல்ல?"

"சுத்தலாம். ஆனா பஸ்ல மருந்து இருக்குன்னு பேப்பர்ல இருக்கே? அப்ப நடக்கட்டும்."

அப்படியே போய் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் மேஜைக்கு மேலே விரலை நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மேஜைக் காலண்டரில் சொட்டு சொட்டாக விழுந்தது. கோபம் இல்லை, சத்தம் இல்லை. "பஸ்ஸில் மருந்து இல்லை சார். எங்கே இருக்கு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மத்தியானத்துக்குள் எல்லா பஸ்ஸுக்கும் பஞ்சு, டிங்சர், பிளாஸ்திரி எல்லாம் வந்துவிட்டன. ஒரு பொய்யைப் பழிவாங்கத் தன் ரத்தத்தையே செலவழிக்கிற ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

லைப்ரரியும் அப்படித்தான். சாயங்காலம் ஆறு மணிவரை திறந்திருக்கும் என்று போர்டு இருந்தது. மூன்று மணிக்கே பூட்டிவிடுவார்கள். மேடம் வகுப்பு முடிந்ததும் குடையை விரித்துக்கொண்டு லைப்ரரிப் படியில் போய் உட்கார்ந்துவிடுவார். கடைசி ட்ரிப் பஸ் எடுக்கிறவரைக்கும் அங்கேதான். முதலில் கேலி பேசின பிள்ளைகள், பிறகு ஒன்றிரண்டு பேராக அவருக்குப் பக்கத்துப் படியில் புத்தகத்தோடு உட்கார ஆரம்பித்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் லைப்ரரியனுக்குக் கூச்சமாகி, ஒரு நாள் மூன்று மணி தாண்டியும் கதவைப் பூட்டாமல் விட்டார். மேடம் உள்ளே போகவில்லை. குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

"உள்ள போய்ப் படிக்கலையா மேடம்?"

"எனக்கு எதுக்குப்பா? எங்க வீட்லயே புக் இருக்கு."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகவும் பட்டது, கொஞ்சம் கெட்டதாகவும் பட்டது.

எங்கள் காலேஜில் இன்னொரு வழக்கம் உண்டு. தரம் பார்க்கக் கமிட்டி வருகிறது என்றால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் புரொபசர்கள் வருவார்கள். எங்கெங்கோ ரிட்டயர் ஆனவர்கள், டாக்டர் பட்டம் வாங்கி வேறு தொழில் பார்ப்பவர்கள். கோட்டும் டையுமாகச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் வந்து இறங்குவார்கள். பஸ்ஸில் ஏற்றிவந்து வாசல் போர்ட்டிகோவில் இறக்கிவிடுவது என் வேலை. கமிட்டி போனதும் சாப்பாடு போட்டுத் திரும்ப ஸ்டேஷனில் விட்டுவிடுவேன். அவர்கள் பெயர் மட்டும் வருஷம் முழுக்க டைம்டேபிளில் இருக்கும். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அதற்காக.

அப்படி வந்த ஒருவர் பக்கத்தில் மேடம் ஒருமுறை உட்கார்ந்துவிட்டார்.

"சார் எந்த சப்ஜெக்ட்?" என்று கேட்டார்.

"இன்னிக்கா மேடம்?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேடம் சிரிக்கவில்லை. அவர் இறங்கிப் போனதும் நான் மெதுவாகக் கேட்டேன்.

"கமிட்டிகிட்டயே சொல்லிடலாமே மேடம்?"

"சொன்னா என்ன ஆகும்? டீ குடிச்சுட்டுப் போவாங்க. ஒருத்தன் பொய் சொன்னா அதை ஊருக்குச் சொல்லிக் காட்டக் கூடாதுப்பா. அவனையே அதைச் செய்ய வைக்கணும். அதுதான் வலிக்கும்."

வலிக்கும் என்ற வார்த்தையை ஒரு பதில் சரியாக வந்த மாதிரிச் சொன்னார்.

அப்படி வலிக்கச் செய்ய அவருக்கு ஒரு ஆள் வந்து சேர்ந்தான். சேர்மனுடைய மகன். சில வருஷங்களுக்கு முன்னால் இதே காலேஜில் மேடத்திடம் படித்தவன்தான். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியபோது பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பியிருக்கிறார். சேர்மனே கூப்பிட்டுச் சொல்லியும் மார்க் போடவில்லையாம். அவன் வேறு எங்கேயோ போய் ஏதோ பட்டம் வாங்கிக்கொண்டு டைரக்டராகத் திரும்பி வந்தான். வந்ததும் எல்லா ஆசிரியர்களையும் ஆடிட்டோரியத்தில் கூட்டினான். டிரைவர்களும் பின்னால் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நானும் இருந்தேன்.

"மேத்ஸ் மேடம், எழுந்திருங்க" என்றான். எழுந்தார். "நீங்கதான் எப்பப் பார்த்தாலும் குவாலிட்டி குவாலிட்டின்னு சொல்லுவீங்க இல்ல? இனிமே கிளாஸ் வேணாம். குவாலிட்டி செல்லுக்கு நீங்கதான் இன்சார்ஜ். நல்லா உக்காந்து அதையே பாருங்க."

கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். அவர் உட்காரலாமா கூடாதா என்று அவன் சொல்லவே இல்லை. கூட்டம் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தார்.

குவாலிட்டி செல் என்றால் தரம் பார்க்கிற பிரிவாம்; அதற்கென்று கொடுத்த அறை பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் பழைய டயர் போட்டு வைத்திருந்த அறை. அன்றைக்கே பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள், டயர் ரூம் மேடம். சுவரெல்லாம் கறுப்பு வட்டம் வட்டமாகக் கறை. நானும் கிளீனரும் டயர்களை உருட்டி வெளியே தள்ளினோம். மேடம் ஒரு துணி கேட்டு வாங்கிச் சுவரைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"இருக்கட்டும். மறக்காம இருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "என் கிளாஸை எடுத்துட்டான்பா. அவனைக் கிளாஸ் எடுக்க வைக்கிறேன் பாரு."

அந்த நேரத்தில் என் மகள் சுகந்தி அதே காலேஜில் சிவில் மூன்றாம் வருஷம். டிரைவர் மகள் என்று பீஸில் சலுகை. நான் ஏழாவதோடு நின்றவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வரவே மாட்டார், சம்பளத்தன்று மட்டும் வருவார். "வாத்தியாரே வராத எடத்துக்கு நீ மட்டும் இன்னாத்துக்குடா போற?" என்று என் அப்பா என்னைச் சவுக்குத் தோப்பு வெட்டுகிற வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதனால் பிள்ளை காலேஜுக்குப் போகிறது என்றால், உள்ளே வாத்தியார் இருக்கிறாரா என்பதுதான் எனக்கு முதல் கவலை. தினமும் ராச்சோறு முடியும்போது அதைத்தான் கேட்பேன். ஒரு நாள் சுகந்தி சொன்னாள்.

"ஸ்ட்ரக்சர் பேப்பருக்கு ஆளே இல்ல நைனா. புதன்கெழம மூணாவது பீரியடு. டைம்டேபிள்ல டைரக்டர் சார் பேரு போட்டுகீது. அவரு எங்க வர்றாரு?"

"அப்ப அந்த நேரத்துல இன்னா பண்றீங்க?"

"காக்காவ எண்ணிகினு குந்திகினு கீறோம்."

"அந்தப் பாடம் இன்னாத்தப் பத்தி?"

"கட்டடம் எவ்ளோ வெயிட்டு தாங்கும்னு."

"அது தெரியாம கட்னா?"

"வுழும்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செங்கல்பட்டு ட்ரிப்பில் பைபாஸ் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் போகும்போதெல்லாம், இதைக் கட்டினவன் எந்த வாத்தியார் வராத புதன்கிழமையில் படித்தானோ என்று தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இதை மேடத்திடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "டைரக்டர் பேரா போட்டிருக்கு? போர்டுல ஒட்டியிருக்கா?" என்று கேட்டார். ஒட்டியிருக்கிறது என்றேன். அன்று திருக்கழுக்குன்றம் வரை அவர் அதைத் திறக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் தெரிந்தது, லைப்ரரி திறந்த அன்று சிரித்த அதே சிரிப்பு.

அடுத்த புதன்கிழமை மூன்றாவது பீரியடில் சுகந்தியின் வகுப்பு முழுக்க நோட்டோடு டைரக்டர் அறை வாசலில் போய் நின்றது. மேடம்தான் அனுப்பினார். குவாலிட்டி செல் இன்சார்ஜுக்கு எந்த வகுப்பு நடக்கிறது, நடக்கவில்லை என்று பார்க்கிற அதிகாரம் உண்டாம். அவனே கொடுத்த அதிகாரம்.

"சார், உங்க பீரியட்" என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

"நான் பிஸியா இருக்கேன். போங்க."

"சரிங்க சார், வெயிட் பண்றோம்."

அப்படியே வராந்தா முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். அட்மிஷன் சமயம். பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர்கள் இவர்களைத் தாண்டித் தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். அணுபுரம் டவுன்ஷிப்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, என் மகளிடமே கேட்டார்களாம்.

"என்னம்மா, தர்ணாவா?"

"இல்லீங்க ஆன்ட்டி, கிளாஸுக்கு வெயிட் பண்றோம். சார் உள்ள கீறாரு."

அந்த அம்மா தன் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த புதன்கிழமையும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த புதன்கிழமை டைரக்டர் வகுப்புக்கு வந்தான்.

வந்து என்ன? லேப்டாப்பைத் திறந்து, திரையில் இருந்ததை வாசித்தானாம். பிள்ளைகளுக்கு மேடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். மரியாதையா இருங்க, ஆனா புரியலைன்னா ஏன்னு கேளுங்க. ஒருத்தன் எழுந்து "ஏன் சார்?" என்பான். இவன் எதையோ சொல்வான். இன்னொருத்தி எழுந்து "அது ஏன் சார்?" என்பாள். மூன்றாவது ஏனுக்கு அவன் முகம் சிவந்துவிடும். அன்றன்றைக்கு நடந்ததை சுகந்தி வந்து சொல்லுவாள். நான் அதை மறுநாள் காலையில் பஸ்ஸில் மேடத்திடம் சொல்லுவேன். வியர்த்தானா, என்ன சட்டை, தண்ணீர் குடித்தானா என்றெல்லாம் கேட்பார். பாடம் எதுவரை போயிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு நாள் டைரக்டர் ஷெட்டுக்கே வந்தான். நான் பஸ்ஸுக்கடியில் படுத்திருந்தேன். ஷூ மட்டும் தெரிந்தது.

"யோவ், வெளியே வா. சுகந்தி உன் பொண்ணுதானே?"

"ஆமா சார்."

"ரொம்பக் கேள்வி கேக்கறா. அடக்கி வை. சலுகை குடுத்தவன் எடுக்கவும் தெரிஞ்சவன். இன்டர்னல் மார்க் என் கையிலதான் இருக்கு."

நேராக டயர் அறைக்கு ஓடினேன்.

"மேடம், உங்களுக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கும். நடுவுல என் பொண்ணு மாட்டிகினா. பேஜாரா கீது மேடம். அந்தப் பாடத்த நீங்களே சொல்லிக் குடுத்துடுங்களேன். உங்களுக்குத் தெரியும்தான?"

"தெரியும்" என்றார். "அதுல முக்காவாசி கணக்குதான்."

"அப்ப எடுங்களேன். பஸ்லயே எடுங்க. நான் மெதுவா ஓட்றேன்."

அவர் சுவரில் இருந்த கறுப்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுத்தா பசங்க பாஸ் பண்ணிடுவாங்க. பாஸ் பண்ணா, பாடம் நடந்ததுன்னு ஆயிடும். அவன் தப்பிச்சுடுவான்."

"என் பொண்ணு மேடம்?"

"உன் பொண்ணுந்தான்பா" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவே இல்லை. அவருடைய ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்துவேன், ஏறுவார். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன், அவர் முகம் தெரியாதபடி. ஒருத்தன் பிள்ளையின் படிப்பைக் கல்லாக எடுத்து இன்னொருத்தன் மேல் எறிகிற பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பிரேக்கை வேண்டுமென்றே அழுத்திப் போட்டேன். பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சுகந்தியிடம், "நீ கம்முனு இரு, கேள்வி கேக்காத" என்று கெஞ்சினேன்.

"நீதான் நைனா கம்முனு இரு" என்றாள் அவள். "உன்ன சவுக்கு வெட்ட வுட்டானே அந்த வாத்தி, அவன யாராவது அப்ப கேட்டாங்களா?"

எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன்.

முதல் இன்டர்னல் பரீட்சை வந்தது. டைரக்டரே கேள்வி எடுத்து, அவனே திருத்தி, எல்லோருக்கும் எண்பதுக்கு மேல் போட்டுவிட்டான். வாயை அடைக்கத்தான். பையன்கள் சிலர் சந்தோஷப்பட்டார்கள். சுகந்தி பேப்பரை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

"சார், நான் ரெண்டு கேள்விக்குப் பதிலே எழுதலையே. அதுக்கும் மார்க் போட்டுக்கீறீங்களே, ஏன் சார்?"

அந்தச் சமயத்தில் மேடம் வாசலில் வந்து நின்றார். "குவாலிட்டி செல்லுக்கு இந்தப் பேப்பர்லாம் வேணும் சார். பரீட்சை முடிஞ்சதும் பார்க்கணும்னு உங்க சர்க்குலர்லயே இருக்கு." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்தார். "ஒண்ணொண்ணா எடுத்து, எந்த வரிக்கு எவ்வளவு மார்க்னு சொல்லுங்க. நான் கத்துக்கறேன்."

பிள்ளைகள் பார்க்க, அவன் ஒவ்வொரு பேப்பராகத் திருப்பினான். இது சரி, இது தப்பு என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. ஒரு பேப்பரில் பதிலுக்குப் பதிலாக எவனோ சினிமாக் கதை எழுதி வைத்திருந்தான். அதற்கும் முழு மார்க் போட்டிருந்தது. மேடம் அதைச் சத்தம் போட்டு வாசித்தார், நிறுத்தி நிறுத்தி, ரசித்து. கதாநாயகன் ரயிலிலிருந்து குதிக்கிற இடம் வந்ததும், "இந்த பீம் எவ்வளவு வெயிட் தாங்கும் சார்?" என்று கேட்டாராம். வகுப்பே குலுங்கியது. பெல் அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த வாரமே ஒரு புது வாத்தியார் வந்துவிட்டார். மதுராந்தகத்துப் பையன், நன்றாகப் படித்தவர், முழுச் சம்பளத்துக்கு எடுத்திருந்தார்கள். டைரக்டருக்கு அந்த வகுப்பிலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. புதுசாக வந்தவர் விட்டுப்போன பாடத்தையெல்லாம் சனிக்கிழமைகூட வைத்து நடத்தினார். சுகந்தி வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, இதுக்கு மேல வெயிட்டு ஏத்தாத நைனா என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்குச் சோறு இறங்கியது. கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தேன்.

"வாத்தியாரு வந்துட்டாரு மேடம். நல்லா நடத்துறாராம்."

"தெரியும்."

"சந்தோசம்தான மேடம்?"

"பசங்களுக்கு நல்லதுதான்" என்றார். முகம் வாடியிருந்தது. "ஆனா அவன் தப்பிச்சுட்டான்பா."

இன்றுவரைக்கும் எனக்கு விளங்காதது அதுதான். அவருக்கு வேண்டியது பிள்ளைகள் படிப்பதா, அவன் வியர்ப்பதா? ஒருவேளை அந்த இரண்டையும் பிரிக்கிற கோடு அவருக்கே தெரியவில்லையோ என்னவோ. அவர் வந்தபிறகுதான் லைப்ரரி திறந்தது, பேப்பரை ஒழுங்காகத் திருத்தினார்கள், வகுப்பில் ஆள் நின்றது. அத்தனையும் யாரோ ஒருத்தன் மேலிருந்த கோபத்தில் நடந்தவை. ஒன்றுகூட அன்பில் நடக்கவில்லை.

அந்தக் கோடை லீவில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடைசியாக ஒரு நாள் தன் சாமான்களை எடுக்க வந்தவர் என் பஸ்ஸில்தான் திரும்பினார். ஸ்டாப்பில் இறங்குவதற்கு முன்னால் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"பஞ்சு பழசாயிடுச்சு. மாத்தச் சொல்லு."

"சொல்றேன் மேடம்."

"சொன்னா மாத்த மாட்டானுங்க. துரத்தணும். நல்ல காலேஜுங்கிறது ஒருதரம் வாங்கி மாட்டி வெக்கிற சாமான் இல்லப்பா. யாராவது பின்னாடியே துரத்திக்கிட்டு இருக்கணும். விட்டா நின்னுடும்."

இறங்கி, குடையை விரித்துக்கொண்டு குளத்தங்கரை ஓரமாக நடந்து போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் சொன்ன மாதிரியே நின்றுபோனது. புது வாத்தியாருக்குச் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள், அவர் போய்விட்டார். லைப்ரரி மறுபடி மூன்று மணிக்குப் பூட்டியது. டயர் அறையில் மறுபடி டயர். சுகந்தி எப்படியோ எல்லாப் பேப்பரும் முடித்து, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். என் பிள்ளை கரையேறிவிட்டது, இனி நமக்கென்ன என்று இருந்திருக்கலாம். ஆனால் காலையில் பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் பேசுவது காதில் விழுமே. புதன்கெழம ஸ்ட்ரக்சருக்கு ஆளு இல்லடா மச்சான், தூங்கிக்கலாம். அதே பாடம், அதே நாள். மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது நான் மறுபடி மேலே பார்க்க ஆரம்பித்தேன்.

போன வருஷம் கமிட்டி வந்தது. அந்த ஒரு நாள் புரொபசர்களை ஸ்டேஷனில் ஏற்றி வரச் சொன்னார்கள். அன்று காலை ட்ரிப்பில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இறங்கும்போது சொன்னேன்.

"உங்க ஸ்ட்ரக்சர் புரொபசரை இட்டாரப் போறேன். நோட்டு எடுத்துகினு சிவில் பிளாக்குக்குக் கீழ வந்து நில்லுங்க."

"இன்னா டிரைவர்ணா, கலாய்க்கிறியா? அப்டி ஒரு ஆளு கீறாரா?"

"டைம்டேபிள்ல கீறாரு இல்ல?"

ஸ்டேஷனிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்குப் பயம்தான். வேலை போகும். லைசென்ஸைப் பிடுங்குவார்கள். போலீஸ் வரும். வண்டி பஞ்சர் ஆகிவிட்டால்கூட நல்லது என்று நினைத்தேன். பின்சீட்டில் கோட்டுப் போட்ட ஒருவர் தன் சப்ஜெக்ட் பேரைத் துண்டுக் காகிதத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் கலக்கம் நின்றுவிட்டது. மேடத்தின் சீட்டைக் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

போர்ட்டிகோவில் டைரக்டர் சந்தன மாலையோடு நின்றான். கமிட்டியின் கார்கள் அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. நான் போர்ட்டிகோவில் நிறுத்தவில்லை. அவன் கை காட்டினான், நான் வணக்கம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். சிவில் பிளாக் வாசலில் பிள்ளைகள் நோட்டோடு திரண்டு நின்றார்கள். பஸ்ஸை அவர்களுக்கு நடுவில் நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"குட் மார்னிங் சார்!" என்று ஒரே சத்தம்.

கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "என்னப்பா இது? யார் இவங்க?"

"உங்க ஸ்டூடன்ட்ஸ் சார். மூணாவது மாடி. வருஷம் பூரா வெயிட் பண்ணிகினு கீறாங்க."

"சார், பீம்ல இருந்து ஆரம்பிக்கலாமா சார்?" என்றாள் ஒரு பெண், நிஜமாகவே. அவளுக்கு இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள். கமிட்டிக் கார்கள் ஆள் கூட்டத்தைப் பார்த்து இந்தப் பக்கமாகவே திரும்பின.

டைரக்டர் மைதானத்தின் குறுக்கே மாலையோடு ஓடி வந்தான். வெயில் கொளுத்தியது. ஜல்லி கொட்டியிருந்த இடத்தில் கால் இடறி, இரண்டு கையையும் ஊன்றி விழுந்தான். எழுந்து வந்து பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் சட்டைக் கையில் வழிந்தது. கமிட்டிக்காரர்கள் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், சீக்கிரம். ஏதாவது கட்டு போடு. மருந்து இருக்கா?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். வருஷக்கணக்காக நான் கேட்டுக் கேட்டும் யாரும் நிரப்பாத பெட்டி. துணியும் ஃபேன் பெல்ட்டும் கிடந்தன.

"பேப்பர்ல கீது சார்" என்றேன்.

அந்த வேலை அன்றைக்கே போய்விட்டது. இப்போது சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி ஷிப்டு வண்டி ஓட்டுகிறேன். நான் எதற்கும் பயப்படுகிற ஆள். எங்கே போனாலும் என் சட்டைப் பையில் இரண்டு பிளாஸ்திரி இருக்கும். அன்றைக்கும் இருந்தது. எடுக்கவில்லை.